வெட்டுருவும் ஒளிமறைப்பும்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரப் படத்தொழில்களில் உருவமைப்பு (1940 – 1990)

ஆய்வுச் சுருக்கம்

தாளை வெட்டி ஒட்டிப் படம் அமைப்பதும், கேமரா இல்லாமல் ஒளியுணர் பரப்பின் மீது நேரடியாக உருவம் பதிப்பதும் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நவீனக் கலையின் கண்டுபிடிப்புகளாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளன. இவ்விரு செயல்முறைகளும் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தில் நாடகத் திரை, நிழற்பட நிலையம், கல்லச்சு ஆகிய தொழில்களின் அன்றாட வேலையாக இருந்தன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சி. கொண்டையராஜூ மரபின் நாட்காட்டிப் படங்களை இத்தொழிற்பின்னணியில் வைத்து வாசிக்க வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கரிசல், கொண்டையராஜூ, ஒட்டுப்படம், இருட்டறை, கல்லச்சு, நாட்காட்டிப் படம்.

1. முன்னுரை

கரிசல் நிலத்தின் சொல்வரலாறு நன்கு எழுதப்பட்டுள்ளது. இடைசெவல் என்னும் ஒரே சிற்றூரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் தொடங்கி, பூமணி, சோ. தர்மன் வரை நீளும் எழுத்து மரபு அந்நிலத்தின் பேச்சையும் வாழ்வையும் ஆவணமாக்கியிருக்கிறது. அதே நிலத்தின் படவரலாறு அவ்வாறு எழுதப்படவில்லை. தமிழகத்து வீடுகளின் பூசையறைச் சுவர்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிறைத்த சாமிப் படங்களில் கணிசமானவை கோவில்பட்டியில் வரையப்பட்டுச் சிவகாசியில் அச்சாயின. இருந்தும் அவை இரவிவர்மாவின் நகல்கள் என்றோ, சந்தைச் சரக்கு என்றோ ஒரு வரியில் கடந்து செல்லப்படுவதே வழக்கம்.

ஸ்டீஃபன் இங்கிலிஸ் 1995இல் வெளியிட்ட கட்டுரை கொண்டையராஜூவை ஒரு நவீன ஆசானாக அறிமுகப்படுத்தியது. கிறிஸ்டோபர் பின்னி, கஜ்ரி ஜெயின் ஆகியோரின் நூல்கள் அச்சுப் படங்களின் சமூக வாழ்வை விரித்துரைத்தன. இவ்வாய்வுகள் படம் எதைக் காட்டுகிறது, எங்கே செல்கிறது என்பவற்றில் கருத்தூன்றின. படத்தின் உருவங்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டு, எவ்வாறு சேர்க்கப்பட்டன என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. இரு செயல்முறைகளின் வரலாறு

கலை வரலாற்று நூல்களில் ஒட்டுப்படம் 1912இல் பிக்காசோ, பிராக் ஆகியோரிடம் தொடங்குகிறது. 1947இல் மத்தீஸ் வெளியிட்ட ‘ஜாஸ்’ தொகுப்பு வண்ணத்தாள் வெட்டுருவை முழுமையான ஓவியமொழியாக்கியது. இந்தியாவில் 1957இல் பார்வையை இழந்த பினோத் பிஹாரி முகர்ஜி, விரல்களின் தொடுவுணர்வைக் கொண்டு தாளை வெட்டி ஒட்டிப் படைத்த படங்கள் இதற்கு இணையான சாதனை.

கேமரா இல்லா நிழற்படம் இன்னும் பழமையானது. 1830களில் டால்பட், உப்பும் வெள்ளிச் சேர்மமும் பூசிய தாளின் மீது இலைகளையும் பின்னல் துணியையும் வைத்து வெயிலில் காட்டி அவற்றின் நிழலுருவைப் பெற்றார். 1843 முதல் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நீலப்படி முறையில் பதித்து நூலாக்கினார். 1919இல் கிறிஸ்டியன் ஷாட், 1922 முதல் மான் ரே, மொஹோலி-நாகி ஆகியோர் இதனைத் தனிக் கலைவடிவமாக வளர்த்தனர்.

தமிழகத்திலும் இதற்கு முன்வரலாறு உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். 1856இல் சென்னை நிழற்படக் கழகம் உருவாகவும் அவரே காரணமானார். 1858இல் மதுரைக் கோயிலைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், வெறுமையாகப் பதிவாகும் வானத்தை நிரப்புவதற்காகத் தம் நெகட்டிவ்களின் மீது நிறப்பொருளால் மேகங்களைத் தீட்டினார். அம்மேகங்கள் கேமராவுக்குள் புகாதவை. ஒளியைத் தடுத்துப் பெறப்பட்ட உருவங்கள். ஓவியனின் கையும் நிழற்படத்தின் ஒளியும் ஒரே பரப்பில் சேர்ந்து வேலை செய்வது இங்கு நிழற்படத்தின் தொடக்கக் காலத்திலேயே நிகழ்ந்துவிட்டது.

3. திரையிலிருந்து நிலையத்திற்கு

சி. கொண்டையராஜூ (1898 – 1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் வாழ்ந்தவர். பின்னர் நாடகக் குழுவில் திரை வரைபவராக ஊர் ஊராகச் சென்று, 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். உடனிருந்த டி. எஸ். சுப்பையா முதலிய சீடர்களுடன் அங்கே ஓர் ஓவிய மரபு உருவாயிற்று. தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் நிலையத்தில் ஓவியமும் நிழற்படமும் அருகருகே தொழிலாக நடந்தன.

நாடகத் திரை ஓவியம் உருவமைப்புப் பயிற்சியாக எத்தகையது என்பது கருதத்தக்கது. மேடையின் ஆழம் உண்மையான ஆழமன்று. பின்திரை, அதற்கு முன் பக்கத் தட்டிகள், அதற்கும் முன் தூணோ மரமோ வடிவில் வெட்டி நிறுத்திய தட்டி எனத் தட்டையான பரப்புகள் ஒன்றன்முன் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றின் வெளிக்கோடும் பின்னுள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்பதே காட்சியின் அமைப்பைத் தீர்மானிக்கும். தொலைவிலிருந்து காண்பவனுக்குக் கோடு தெளிவாக இருக்க வேண்டும்.

கொண்டையராஜூ மரபின் படங்களில் இவ்வமைப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. மீனாட்சி திருக்கல்யாணம் போன்ற படங்களில் தெய்வ உருவங்கள் முன்தளத்தில் காண்பவரை நோக்கி நிற்கின்றன. பின்னால் தூண்களோ மாடமோ ஒரு தளம். அதற்கும் பின்னால் வானம் மற்றொரு தளம். மதுரைக் கம்பத்தடி மண்டபச் சிற்பத்தில் கல்லின் திரட்சியால் பெறப்பட்ட ஒருமையைத் தாளில் வெளிக்கோடுகளின் பொருத்தமே தருகிறது. தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டம் சமயக் குறியீடு மட்டுமன்று. முகத்தைப் பின்தளத்திலிருந்து பிரித்தெடுக்கும் வட்டவடிவ இடைத்தளமும் ஆகும்.

4. இருட்டறையில் வெட்டுத்தாள்

சிற்றூர் நிழற்பட நிலையங்களின் வருவாய்க்கு உரிய வேலைகளுள் ஒன்று ‘ஜாயின்ட் போட்டோ’. இறந்த கணவரின் பழைய படமும் மனைவியின் புதிய படமும் தரப்பட்டு, இருவரும் அருகருகே அமர்ந்த ஒரே படமாக அது கேட்கப்படும். இதன் வழிமுறை ஒட்டுப்படத்தின் வழிமுறையே. இரு படங்களும் தலையளவு ஒத்துவரும்படி பெரிதாக்கப்படும். உருவங்கள் பிளேடால் வெளிக்கோட்டின் வழியே வெட்டியெடுக்கப்படும். விளிம்பு மேடாகத் தெரியாதிருக்க, தாளின் பின்புறம் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கப்படும். பின்னர்ப் புதிய பின்புலத்தின் மீது ஒட்டி, இணைப்பைத் தூரிகையால் மறைத்து, முழுவதையும் மீண்டும் படமெடுத்துப் புதிய நெகட்டிவ் பெறப்படும்.

இவ்வேலையில் எழும் சிக்கல்கள் அனைத்தும் உருவமைப்புச் சிக்கல்களே. இருவரின் கண்மட்டமும் ஒத்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தில் இடப்புறமும் மற்றவர் முகத்தில் வலப்புறமும் ஒளி விழுந்திருந்தால் ஒன்றைத் திருப்ப வேண்டும். திருப்பினால் சேலைத் தலைப்பு தோள் மாறிவிடும். எந்தத் தோள் எந்தத் தோளின் முன் வரவேண்டும் என்பதில் குடும்ப மரியாதையும் அடங்கியிருக்கும். வாழ்வில் சேர்ந்து படமெடுத்துக்கொள்ள வாய்க்காத இருவரை இணைக்கும் அந்த வெட்டு, குடும்பத்தாருக்கு வெட்டாகத் தெரியக்கூடாது. ஐரோப்பிய ஒட்டுப்படம் தன் ஒட்டுகளைக் காட்டிக்கொண்டது. நிலையத்தின் ஒட்டுப்படம் தன் ஒட்டுகளை மறைத்துக்கொண்டது. இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. கைவினை அளவில் வேறுபாடில்லை.

இருட்டறைக்குள்ளும் கத்தரிக்கு வேலை இருந்தது. மார்பளவுப் படத்தின் ஓரங்கள் வெண்மையில் கரையும்படி செய்ய, நடுவில் முட்டைவடிவத் துளை வெட்டிய அட்டை பயன்பட்டது. என்லார்ஜர் வில்லைக்கும் ஒளியுணர் தாளுக்கும் இடையில் அவ்வட்டையைப் பிடித்து மெல்ல அசைத்தால் துளையின் விளிம்பு மென்மையாகும். முகத்தின் ஒரு பகுதி மிகக் கறுத்துவிடாதிருக்க, கம்பி நுனியில் ஒட்டிய சிறு தாள்துண்டின் நிழலை அதன் மீது விழச் செய்வதும் உண்டு. அட்டை மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்பது டெவலப்பரில் தாளை இட்டவுடன் தெரியும். ஹைப்போவில் நிலைப்படுத்தப்பட்ட அந்த வெண்மை, கேமரா எதையும் காணாத இடத்தில் ஒரு வெட்டுத்தாளின் நிழல் விட்டுச்சென்ற உருவம். மான் ரேயின் தாளில் நிகழ்ந்ததும் இதே ஒளிவினைதான். அங்கே நிழல் கருப்பொருளாயிற்று. இங்கே முகத்திற்குத் துணையாயிற்று.

5. அச்சகத்தில் உருவப் பிரிப்பு

1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது சிவகாசி வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளின் தேவையே அங்கு அச்சுத்தொழிலை வளர்த்தது. மழை குறைந்த வறண்ட காற்று தீக்குச்சிக்கு ஏற்றது என்பர். அது வண்ண அச்சுக்கும் ஏற்றது. ஈரத்தில் தாள் நீளும், உலர்ந்தால் சுருங்கும். ஒரே தாள் பல வண்ணங்களுக்காகப் பலமுறை பொறியினுள் சென்று வருகையில் அதன் அளவு மாறினால், ஒரு வண்ணத்தின் உருவம் மற்றொன்றின் மீது பொருந்தாது.

கல்லச்சில் ஒரு படம் அச்சாக வேண்டுமானால் முதலில் அது வெளிக்கோடுகளாகக் குறுக்கப்படும். அக்கோட்டுவரைவு ஒவ்வொரு கல்லுக்கும் மாற்றப்பட்டு, ஒவ்வொரு கல்லிலும் ஒரு வண்ணத்திற்கு உரிய பகுதி மட்டும் வரையப்படும். முருகனின் சிவந்த பட்டாடை ஒரு கல்; மயிலின் நீலம் வேறொரு கல். தனியே பார்த்தால் எந்தக் கல்லிலும் முருகன் இல்லை; தொடர்பற்ற வடிவத் துண்டுகளே உள்ளன. அவை ஒன்றன்மீது ஒன்று விழும்போதே தெய்வம் தோன்றுகிறது. சிறு சீட்டுகளாயின், மூலக் கல்லிலிருந்து மாற்றுத்தாளில் பல படிகள் எடுக்கப்பட்டு, வெட்டி, ஒரு பெருந்தாளில் வரிசையாகப் பொருத்தி அச்சுக்கல்லுக்கு ஏற்றப்படும்.

ஆஃப்செட் வந்தபோது கல்லின் இடத்தைத் துத்தநாகத் தகடும் பின்னர் அலுமினியத் தகடும் பெற்றன. முட்டை வெண்கருவிலோ பிசினிலோ டைகுரோமேட் கலந்து பூசிய தகட்டின் மீது ஃபிலிமை அழுத்தி வைத்து ஒளி காட்டுவர். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் கழுவப்படும். இங்கே வில்லை இல்லை. ஃபிலிமின் நிழலே தகட்டில் பதிகிறது. ஒரு வண்ணப் பகுதியைத் தனிமைப்படுத்த, சிவப்பு மறைப்புப் படலத்தைக் கத்தியால் வடிவாக வெட்டி உரித்து வைப்பது உலகெங்கும் அச்சுத்துறை கையாண்ட முறை. தாள் வெட்டும் கையும் கேமரா இல்லா ஒளிப்பதிவும் முழுமையாக ஒன்றிணைந்த இடம் இந்தத் தகட்டு மேசையே.

6. ஒட்டியவர்கள், வெட்டியவர்கள்

கரிசல் ஊர்களில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ வேலை வீட்டுத் திண்ணைவரை வந்தது. அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிறுவர் சிறுமியரும் இருந்தனர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்ததற்கும், அதன்பின் உச்ச நீதிமன்றம் சிவகாசி வட்டாரத்தைக் குறித்துத் தீர்ப்புகள் வழங்கியதற்கும் இவ்வுழைப்பும் பின்னணி. இவ்வட்டாரப் படவரலாற்றை அழகியல் வரலாறாக மட்டும் எழுத இயலாது. சிறு செவ்வகத்தில் சீட்டை நேராகப் பொருத்தும் கைத்திறன், பெட்டிக் கணக்கில் கூலி பெற்ற கைகளுடையது.

நாட்காட்டியின் கீழ்ப்பகுதி கடைப்பெயருக்கும் தேதித்தாள் கட்டுக்கும் விடப்பட வேண்டும். எனவே ஓவியர் உருவங்களை மேலே நிறுத்தி, அடியில் தாமரையோ தரையோ மட்டும் அமைத்தார். ஒரே படத்தின் மீது பல கடைகளின் பெயர்கள் தனித்தனியே அச்சிடப்பட்டன. ஆண்டு முடிந்ததும் வீட்டார் கடைப்பெயரை வெட்டி நீக்கிவிட்டுப் படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டனர். சிலர் சேலைக்கு ஜரிகையும் கிரீடத்திற்கு ஜிகினாவும் ஒட்டினர். தஞ்சை ஓவியத்தில் பொற்றகடும் கல்லும் பதித்த கைவினை இவ்வாறு எளிய வீடுகளில் மறுவடிவம் பெற்றது. படத்தின் இறுதி அமைப்பை முடிவுசெய்தது வழிபடுபவரின் கத்தரி.

7. எஞ்சுவன

இத்தொழில்களின் இடைநிலைப் பொருள்கள் அழிவதற்கென்றே உருவானவை. அச்சு முடிந்த கல் மணலிட்டுத் தேய்க்கப்பட்டு அடுத்த படத்திற்கு உதவியது. தகடு மீண்டும் சொரசொரப்பாக்கப்பட்டது. கண்ணாடி நெகட்டிவ் கழுவப்பட்டுச் சட்டத்திற்குக் கண்ணாடியாயிற்று. ஃபிலிம் வெள்ளிக்காக விற்கப்பட்டது. வெட்டிய அட்டையை எவரும் பொருட்படுத்தவில்லை. 1990களில் கணினி வந்தபின் ‘கட்’, ‘பேஸ்ட்’, ‘மாஸ்க்’, ‘லேயர்’ என்னும் சொற்கள் திரையில் நிலைத்தன. அவை குறித்த பொருள்கள் எடைக்குப் போயின.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையுடன் தமிழக நிலைய நிழற்படங்களை மின்னுருவாக்கியது முன்மாதிரியான பணி. அத்தகைய தொகுப்பு கரிசல் வட்டாரத்தில் முடிவுற்ற படங்களுடன் நில்லாமல், ஒட்டுமூலங்கள், மறைப்பட்டைகள், கோட்டுவரைவுகள், தகடுகள் ஆகியவற்றையும் உள்ளடக்க வேண்டும்.

8. முடிவுரை

கோவில்பட்டி மரபின் படங்களை நகல் என்று ஒதுக்குவோர் அவற்றின் கருப்பொருளை மட்டும் பார்க்கின்றனர். உருவத்தை முதலில் வெளிக்கோடாகக் கண்டு, வெட்டிப் பிரித்து, மறைத்து, மீண்டும் பொருத்தும் சிந்தனை திரை, நிலையம், அச்சகம் ஆகிய மூன்றிலும் தொடர்ந்து பயிலப்பட்டது. கொண்டையராஜூ மரபின் தெளிவான கோடும் அடுக்குத்தள அமைப்பும் இப்பயிற்சியின் விளைவுகள் எனக் கொள்வதே பொருத்தமானது. இக்கருதுகோளை மேலும் சோதிப்பதற்கு வேண்டிய சான்றுகள் நூலகங்களில் இல்லை; மூடப்பட்ட நிலையங்களின் பரண்களிலும், தகட்டு மேசையில் நின்று வேலை செய்தவர்களின் நினைவிலும் உள்ளன. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தது போல, இத்தொழிலாளர்களின் சொற்களும் செய்முறைகளும் அவர்கள் வாழும் காலத்திலேயே தொகுக்கப்பட வேண்டும்.