மாத்திரை ஏறும் மலைப்பாதை

வேலூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் அமிர்தி. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அது 1967-ல் தொடங்கிய சிறு உயிரியல் பூங்கா. மழைக்குப் பின் வந்தால் அருவியும் உண்டு. ஜவ்வாது மலையில் குடியிருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கோ அது அடிவாரம். சாமையும் புளியும் தேனும் சந்தைக்கு இறங்குவதும், நோயாளி ஆஸ்பத்திரிக்கு இறங்குவதும் இத்தகைய அடிவார வழிகளில்தான்.

அந்த நோயாளிக்கு இரத்த அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஒரு மாதத்து மாத்திரை. அது தீர்ந்ததும் மறுபடி வாங்க, விடியலில் குக்கிராமத்திலிருந்து நடந்து தார்ச்சாலையைத் தொட வேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், புறநோயாளிச் சீட்டு முடிவதற்குள் வரிசையில் நிற்க வேண்டும், இருட்டுவதற்குள் மலையேற வேண்டும். மாத்திரை இலவசம்தான். ஆனால் அன்றைய கூலி போய்விடும். அழுத்தம் ஏறினால் பலருக்கு வலி இல்லை, மயக்கமும் இல்லை. மாத்திரையை நிறுத்திய மறுநாள் உடம்பு எந்தப் புகாரும் சொல்லாது. புகார் வரும்போது அது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வருகிறது.

இப்படி விட்டுப்போனவரை ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்’ என்று ஏட்டில் எழுதுவது எளிது. அவர் எந்த இடத்தில், எதனால் விட்டார் என்று தேடிப்போன மருத்துவர்களின் வரலாறு தமிழ்நாட்டில் நீளமானது. அதன் தொடக்கம் அமிர்திக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1902-ல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. கட்டடம் இருந்தும் வர முடியாதவர்கள் ஏராளம் என்பது சில ஆண்டுகளிலேயே அவருக்குப் புரிந்தது. 1909-ல் ஒரு பெஜோ கார் வந்து சேர, குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது. வாரம் தவறாமல், அதே கிழமை, அதே மரம். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதானாலும் கண்ணுக்கு மருந்து விடுவதானாலும் ஒரு தடவையில் முடியாது. அடுத்த வாரமும் வண்டி வரும் என்று ஊருக்குத் தெரிந்திருந்ததால்தான் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் ஆள் வந்தது.

நோயாளி மருந்தைத் தொடர்வாரா என்பதை அறிவியல் கேள்வியாக மாற்றியது காசநோய். ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, சத்தான உணவு, மாதக்கணக்கில் படுக்கை. சென்னையின் மின்சார ரயில் பாதையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிறுத்தம் இன்றும் அந்தக் காலத்தின் பெயரைச் சுமக்கிறது. நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்தக் காலத்திலும் போதவில்லை.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959-ல் வெளிவந்த முடிவில் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னையின் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் மருந்து வயிற்றுக்குள் போனால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அன்றைய காசநோய் மருந்துகளில் ஒன்றான பாஸ் (PAS) அளவில் பெரியது, குமட்டலைத் தருவது. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் இருமல் தணிந்துவிடும், பசி எடுக்கும், வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். மருந்து நிற்பது பெரும்பாலும் அங்கேதான். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். அதனால் சென்னைக் குழு சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணியது. சிறுநீரில் மருந்தின் தடம் தெரிகிறதா என்று சோதித்தது. நல்லவர், கெட்டவர், படித்தவர், படிக்காதவர் என்ற பாகுபாடே இல்லை, நெடுநாள் மருந்தை யாரும் தவறவிடக்கூடும் என்பது அவர்களுக்குத் தெளிவானது. தினமும் வேண்டாம், வாரம் இரு முறை, சுகாதார ஊழியரின் கண்முன் மருந்து என்ற முறையை 1960-களில் சென்னையிலேயே சோதித்தார்கள். பிறகு உலகெங்கும் ‘டாட்ஸ்’ என்று பரவிய திட்டத்தின் வேர்களில் ஒன்று அது.

தொழுநோயிலும் இதே பாடம் திரும்பியது. டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்த காலத்தில் பலர் இடையில் விட்டார்கள். கிருமி மருந்துக்கு அடங்காமல் போனது. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையைப் பரிந்துரைத்தபோது, மாதம் ஒரு வேளை ஊழியர் முன்னிலையில் விழுங்க வேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் இயங்கும் தொழுநோய் மருத்துவமனையின் களப்பணியாளர்களுக்கு ஊர் ஊராகப் போய் நோயாளியைத் தேடுவது அதற்கு முன்பே பழகிய வேலை.

மலைக்கு இந்தப் பாடம் மட்டும் போதவில்லை. மருந்து கொடுக்க வருகிறவர் யார் என்பதும் அங்கே முக்கியம். தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் மலையாளி மக்கள்தான் வாழ்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே போன மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும் முதலில் கட்டியது ஒரு குடிசை ஆஸ்பத்திரி. வெளியூரிலிருந்து செவிலியரைத் தேடிக் காத்திருக்காமல், ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். ஊரின் பேச்சு, சாமியாட்டம், பத்தியம், பிரசவத்தின்போது பாட்டி சொல்லும் சொல் எல்லாம் தெரிந்த ஒருத்தி, ‘அக்கா, மாத்திரை இன்னும் நாலு மிச்சம் இருக்கே’ என்று கேட்டால் அது விசாரணையாகக் காதில் விழாது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த நூற்றாண்டுக்கால அனுபவத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரைகள் தன்னார்வலர் கையில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சமவெளித் தெருவில் இது மிதிவண்டி தூரத்து வேலை. மலைக் குக்கிராமத்தில் அதே வேலைக்கு ஒருவர் காட்டுவழியே நடக்க வேண்டும். அவர் போய்ச் சேரும்போது நோயாளி காப்பித் தோட்டத்துக் கூலிக்காக வெளிமாநிலம் போயிருக்கலாம்.

அந்தக் காட்டுவழி எப்படிப்பட்டது என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு கைக்குழந்தை, கீழே கொண்டுவரும் வழியிலேயே இறந்தது. உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸ் மேலே ஏறச் சாலை இல்லை. தாய் பிள்ளையைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தார். அந்தப் படம் நாடு முழுக்கப் போன பிறகுதான் அல்லேரிச் சாலைக்கான வேலை வேகம் எடுத்தது. பாம்புக்கடி மருந்துக்காக இறங்க வேண்டியிருந்த அதே ஒற்றையடிப் பாதையில்தான் மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கும் இறங்க வேண்டியிருந்தது.