ஆல் ஐ ஹேவ் டு டூ இஸ் ட்ரீம்: எவர்லி சகோதரர்களின் காதல் பாடல்

'ஆல் ஐ ஹேவ் டு டூ இஸ் ட்ரீம்' 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கிலக் காதல் பாடல். பாடியவர்கள் டான் எவர்லி (1937–2021), ஃபில் எவர்லி (1939–2014) என்னும் சகோதரர்கள். இரண்டரை நிமிடம்கூட ஓடாத இப்பாடல் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கேட்கப்படுகிறது. புதிய பாடகர்களால் மீண்டும் மீண்டும் பாடப்படுகிறது.

சகோதரர்களின் தந்தை ஐக் எவர்லி கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கட்டைவிரலால் தந்தியை மீட்டும் அப்பகுதிக் கிட்டார் முறையில் தேர்ந்தவர். சுரங்கத்தை விட்டு இசைக்கு வந்த அவர், 1940-களில் அயோவா மாநிலத்தின் ஷெனன்டோவா நகர வானொலியில் குடும்பத்தோடு பாடினார். சிறுவர்கள் இருவரும் பள்ளி செல்லும் வயதிலேயே ஒலிவாங்கியின் முன் நின்றனர். அமெரிக்கத் தென்பகுதியில் உடன்பிறந்தோர் இணைந்து பாடும் மரபு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. டெல்மோர் சகோதரர்களும் லூவின் சகோதரர்களும் அம்மரபில் முன்னோடிகள்.

இம்மரபின் உயிர் 'க்ளோஸ் ஹார்மனி'. இரு குரல்கள் ஒரே சொற்களை, ஒரே நேரத்தில், வெவ்வேறு சுரங்களில் பாடுவது இது. நமக்குப் பழகிய சொற்களில் கூறினால், ஒருவர் ஷட்ஜத்தில் நிற்கும்போது மற்றவர் காந்தாரத்தில் நிற்பார்; மெட்டு நகர நகர இருவரும் ஏறக்குறைய அதே இடைவெளியோடு சேர்ந்து நகர்வர். இடைவெளி சிறிதாக இருப்பதால் சுருதி இம்மி பிசகினாலும் காதில் உறுத்தும். மூச்சு எடுக்கும் இடம், உயிரெழுத்தை நீட்டும் அளவு, சொல்லை முடிக்கும் கணம் ஆகிய யாவும் ஒத்துப்போக வேண்டும். ஒரே வீட்டில், ஒரே உச்சரிப்பில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாகக் கைவரும். கீழ்க்குரல் பெரும்பாலும் டானுடையது, மேற்குரல் ஃபிலுடையது. எது மூல மெட்டு, எது துணை என்று கேட்பவர் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் தனித்தனியே பாடத்தக்க மெட்டுகள். பாடலின் நீடித்த கவர்ச்சிக்கு முதற்காரணம் இதுவே எனலாம்.

பாடலை எழுதியவர் பூட்லோ பிரையன்ட். முறையாக வயலின் பயின்று, அட்லாண்டாவின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் வாசித்தவர். அவரும் மனைவி ஃபெலிசும் எவர்லி சகோதரர்களுக்கு 'பை பை லவ்', 'வேக் அப் லிட்டில் சூசி' ஆகிய வெற்றிப் பாடல்களை 1957-இல் தந்திருந்தனர். இத்தம்பதியர் சந்தித்த கதையே ஒரு கனவுக் கதை. 1945-இல் மில்வாக்கி நகர விடுதி ஒன்றில் ஃபெலிஸ் லிப்ட் இயக்கும் வேலையில் இருந்தார். அங்கு வாசிக்க வந்த பூட்லோவைக் கண்டதும், எட்டு வயதில் கனவில் கண்ட முகம் இதுதான் என்று தாம் அறிந்துகொண்டதாக அவர் பிற்காலத்தில் கூறுவதுண்டு. கனவுப் பாடலைப் பூட்லோ 15 நிமிடத்தில் எழுதி முடித்தார் என்பர்.

1958 மார்ச் 6 அன்று நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு நடந்தது. தொடக்கத்தில் நடுங்கி அதிரும் ஒற்றைக் கிட்டார் ஒலி செட் அட்கின்சுடையது. அந்த ஓர் ஒலியிலேயே தூக்கமும் விழிப்பும் கலந்த நிலை வந்துவிடுகிறது. அக்காலப் பாப் பாடல்களில் பெரிதும் புழங்கிய நான்கு கார்டுகளே சுழன்று வருகின்றன, புதுமை ஏதுமில்லை. பொருளும் எளியது. காதலியை நினைத்தவுடன் கனவில் வரவழைக்க முடிகிறது, நேரில் அடைய முடியவில்லை. அந்தக் கனவிலேயே வாழ்நாள் கழிகிறது. இனிமையான மெட்டுக்குள் இந்த ஏக்கம் இருப்பதால்தான் பாடல் திகட்டுவதில்லை.

கேடன்ஸ் நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டு பில்போர்ட் இதழின் பாப், கண்ட்ரி, ரிதம் அண்ட் புளூஸ் பட்டியல்கள் மூன்றிலும் முதலிடம் பெற்றது. வெள்ளையர் இசை, கறுப்பர் இசை என்று வானொலியும் கடைகளும் பிரித்து வைத்திருந்த காலம் அது என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பிரிட்டனில் அது ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அங்கே பீட்டில்சும், அமெரிக்காவில் சைமன் அண்ட் கார்ஃபங்கலும் எவர்லி சகோதரர்களைக் கேட்டே இணைக்குரல் பழகினர். பாபி ஜென்ட்ரியும் கிளென் கேம்ப்பெலும் பாடிய வடிவம் 1970-ஐ ஒட்டி மீண்டும் வெற்றி பெற்றது.

குரலில் இணைந்தவர்கள் வாழ்வில் இணைந்திருக்கவில்லை. 1973 ஜூலையில் கலிபோர்னியாவில் நடந்த நிகழ்ச்சியின் நடுவே ஃபில் தம் கிட்டாரை உடைத்துவிட்டு மேடையை விட்டு வெளியேறினார். அடுத்த பத்து ஆண்டுகளில் இருவரும் தந்தையின் இறுதிச் சடங்கில் மட்டுமே சந்தித்ததாகச் சொல்லப்படுகிறது. தனித்தனியே பாடிய பாடல்கள் எதுவும் பழைய இடத்தை எட்டவில்லை. 1983 செப்டம்பர் 23 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர். அன்று பாடிய பாடல்களில் இதுவும் ஒன்று. பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகும் இரு குரல்களும் பழையபடியே பொருந்தியிருப்பதை அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவில் கேட்கலாம்.