மூர் மார்க்கெட்டும் எங்கள் வீட்டு மேசையும்



திருவள்ளூரில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி நாமெல்லாம் எத்தனையோ முறை சென்னை போயிருக்கிறோம். அந்த வண்டிகள் கடைசியாகப் போய் நிற்கும் இடத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்'. கும்மிடிப்பூண்டி வண்டியும் அங்கேதான் வந்து நிற்கிறது. படித்த நான்கு வருடமும் அந்தப் பெயரைப் பார்த்தேன். மூர் யார், மார்க்கெட் எங்கே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது எங்கள் வீட்டு மேசை ஒன்று.

சென்ற நூற்றாண்டுக்கு முன்பு சென்னையின் பெரிய சந்தை பிராட்வே பகுதியில் இருந்தது. அங்கே நெரிசலும் அசுத்தமும் மிகுந்து போகவே, புதிய சந்தை ஒன்று கட்ட மாநகராட்சி முடிவு செய்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் சர் ஜார்ஜ் மூர். 1898-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1900-ல் கவர்னர் சர் ஆர்தர் ஹேவ்லாக் அதைத் திறந்து வைத்தார். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, நடுவே முற்றம் விட்டு, நாற்புறமும் கடைகளோடு, செக்கச் சிவந்த இந்தோ சாரசெனிக் கட்டடம்.

அன்றாடச் சந்தையாகப் பிறந்த மூர் மார்க்கெட், போகப் போகப் பழைய பொருள்களின் தலைநகரமாகவே மாறியது என்றால் மிகையாகாது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், பீங்கான், மேசை நாற்காலி, கூண்டுக் கிளி என்று கிடைக்காத சாமான் இல்லை. கடைக்காரர் ஒரு விலை சொல்வார். பாதிக்குக் கேட்டு, நடந்து போவது போல நாலு அடி வைத்தால் "சார், வாங்க சார்" என்று குரல் வரும்.

திருப்பாச்சூரில் இருந்த என் தாத்தா 1960-களில் அங்கேதான் ஒரு தேக்கு மேசை வாங்கினார். பாசஞ்சர் வண்டியில் திருவள்ளூர் வரை கொண்டுவந்து, மாட்டு வண்டியில் வீடு சேர்த்தாராம். "பர்மா தேக்குடா, மூணு தலைமுறைக்கு வரும்" என்பார். அந்தக் காலத்தில் ரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தேக்கு சென்னைக்கு வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் அப்படி வந்தவையே. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வணிகம் ஆட்டம் கண்டது. 2014-ல் மியன்மார் அரசு உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. ஆக, நல்ல பர்மா தேக்கு வேண்டுமென்றால் பழைய சாமானில் தேடுவது ஒரு நல்ல வழி.

1985 மே 30-ல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. கடைக்காரர்களில் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலையும் அதே ஆண்டில் வண்டலூருக்குப் போய்விட்டது. மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. பெயர் மட்டும் மிச்சம்.

தாத்தாவின் மேசை மட்டும் தப்பியது, நான் வேலைக்குச் சேரும் வரை! வீட்டை இடித்துக் கட்டியபோது "இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று காயலான் கடைக்காரரிடம் தள்ளிவிட்டது நான்தான். எடை போட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாத்தா அப்போது உயிரோடு இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பதில் வாங்கிய பளபள மேசை ஒரே மழைக்காலத்தில் உப்பிப் போனது. நம் நண்பர்கள் பலர் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு உலையில் உருகிப் புதுக் கம்பியாக வருகிறது. மரத்துக்கு அந்த மறுபிறவி கிடையாது. மதிப்புத் தெரிந்தவன் கையில் சிக்காவிட்டால் அடுப்புதான்.

அதற்குப் பிறகுதான் நான் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கத் தொடங்கினேன். நம் ஊரிலிருந்து எளிதில் போகக்கூடியது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. மூர் மார்க்கெட்டில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் போதும். காலையிலேயே போய்விடுங்கள். தரமான தூண், கதவு, பெட்டி தேடுவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வரலாம்.

வாங்கும் முன் இன்ஜினியர் கண்ணோடு பாருங்கள். இழுப்பறையை வெளியே இழுத்து மூலையைக் கவனியுங்கள். விரித்த புறா வாலைப் போல வெட்டிக் கோத்திருந்தால் நல்ல வேலை. ஆணி மட்டும் என்றால் யோசியுங்கள். காலும் சட்டமும் சேரும் இடத்தில் துளையடித்து முனையைச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். பலகையின் மேல்புற ரேகை விளிம்பிலும் தொடர்ந்து வந்தால் முழு மரம். இல்லாவிட்டால் மேலே ஒட்டிய தகடாக இருக்கலாம். அடிப்புறம் பொடி உதிர்ந்தால் பூச்சி. புதுப் பாலிஷைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் மேசையைப் போலவே ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதை விற்கும் முன், அதை யார், எங்கே வாங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை கேளுங்கள். கேட்டபின் விற்க மனம் வந்தால், முதலில் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்!