பனிக்கு அடியில் இருக்கும் சிவப்பு

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் கலர் மேட்சிங் சரியில்லாமல் உடுத்திக்கொண்டு ஒரு விழாவுக்கு வந்துவிட்டாள். அதைப் பற்றி இன்றைக்கும் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். பாவம்தான்!

வருஷம் 1010. சந்திரக் கணக்கில் முதல் மாதம். இடம், இன்று கியோட்டோ என்று நாம் சொல்லும் அன்றைய ஜப்பான் தலைநகர். பேரரசி ஷோஷியின் இரண்டாவது மகனுக்கு ஐம்பதாம் நாள் விழா. பிரபுக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டுகளை வாங்கி உள்ளே கொண்டுபோக அரண்மனைப் பெண்கள் முன்னால் வருகிறார்கள். (வேலைக்காரிகள் இல்லை. இவர்களும் பிரபு வீட்டுப் பெண்கள்தான்.) எல்லோரும் பார்த்துப் பார்த்து உடுத்தியிருக்கும்போது, அதில் ஒருத்தியின் கை ஓரத்து நிறங்கள் மட்டும் ஒன்றோடு ஒன்று சரியாகச் சேரவில்லை. அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். இன்னொரு பெண் அப்புறம் இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாளாம். இதையெல்லாம் டைரியில் எழுதி வைத்தவர் முராசாகி ஷிகிபு, 'கெஞ்சி கதை' எழுதிய அதே அம்மையார். அப்படியொன்றும் மோசமில்லை, சேர்க்கை கொஞ்சம் வெளிறிப் போயிருந்தது, அவ்வளவுதான் என்று சமாதானமும் சொல்கிறார்.

கை ஓரத்துக்கு இவ்வளவு அமர்க்களமா என்று தோன்றும். காரணம் இருக்கிறது.

ஹெய்யான் காலம் என்று சொல்வது 794 முதல் 1185 வரை. அந்தக் காலத்து உயர்குடிப் பெண்கள் வெளி ஆண்களுக்கு முகம் காட்டுவதில்லை. மூங்கில் தட்டிக்குப் பின்னால், திரைக்குப் பின்னால், மாட்டு வண்டிக்குள்... இப்படித்தான் இருப்பார்கள். பெயரும் வெளியே தெரியாது. முராசாகி ஷிகிபு என்பதே அவருடைய சொந்தப் பெயர் இல்லை. முராசாகி கதாபாத்திரத்தின் பெயர், ஷிகிபு அப்பா பார்த்த உத்தியோகம். ஆனால் தட்டிக்கு அடியில் கை ஓரத்தை மட்டும் வெளியே தெரியும்படி விட்டுக்கொள்ளலாம். விழா ஊர்வலம் பார்க்கப் போனால் வண்டியின் திரைக்குக் கீழேயும் அதே மாதிரி. உள்ளே இருப்பவள் எப்படிப்பட்டவள் என்று வெளியே நிற்பவன் ஊகிக்க வேண்டியது அந்த நாலைந்து வண்ணக் கோடுகளை வைத்துத்தான். அதுதான் அவளுடைய முகம்.

கோடுகள் எப்படி வந்தன? அந்த உடைக்குப் பின்னாளில் 'ஜூனிஹிதோஎ' என்று பெயர் வந்தது. பன்னிரண்டு அடுக்கு என்று அர்த்தம். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சிவப்புக் கால்சட்டை, அதற்கு மேல் லைனிங் இல்லாத ஒரு அங்கி, அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக லைனிங் வைத்த அங்கிகள், எல்லாவற்றுக்கும் மேலே குட்டையாக ஒரு மேலங்கி, பின்னால் தோகை மாதிரி இழுபடும் ஒரு துணி. மேலே போகப்போக அங்கியின் அளவு கொஞ்சம் சிறிதாகும். அதனால் கையிலும் கழுத்திலும் ஒவ்வொரு அடுக்கின் ஓரமும் வரிசையாகத் தெரியும்.

இந்த நிறச் சேர்க்கைகளுக்கு 'கசானே நோ இரோமே' என்று பெயர். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஒரே அங்கியின் வெளித்துணியும் லைனிங்கும். அன்றைய பட்டு மெல்லியது, உள்ளே இருக்கும் நிறம் வெளியே கசியும். வெள்ளைக்குள் சிவப்பு வைத்தால் ஒரு இளஞ்சிவப்புத் தெரியும், அதற்கு 'செர்ரிப்பூ' என்று பெயர். சாயத்தொட்டியில் முக்கி எடுத்த ரோஸ் இல்லை அது, இரண்டு துணி சேர்ந்து உண்டாக்குகிற ரோஸ். நம்மூர் மயில்கழுத்துக் கலர் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது நிறம், இல்லையா? அந்த மாதிரி ரகமும் அவர்களிடம் உண்டு.

இரண்டாவது, பல அங்கிகள் சேர்ந்து வரும் வரிசை. எனக்கு ரொம்பப் பிடித்தது 'யுகி நோ ஷிதா', அதாவது பனிக்கு அடியில். மேலே இரண்டு வெள்ளை அங்கி. அதற்குக் கீழே சிவப்பு ப்ளம் பூவின் நிறம் மூன்று அங்கிகளில் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு பச்சை. குளிர்காலக் கடைசியில் பூத்துவிட்ட ப்ளம் மரத்தின் மேல் பனி விழுந்த காட்சியை அப்படியே கையில் மடித்து வைத்துவிட்டார்கள். இப்படி ஒரே நிறம் வெளுத்துக்கொண்டே போவதற்கு 'நியோஇ' என்று பெயர். இன்றைய ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வாசனை என்று அர்த்தம்!

நிறத்தின் பெயரெல்லாம் செடிகொடிதான். லேசான ஊதாவுக்குப் பச்சை லைனிங் வைத்தால் விஸ்டீரியா கொடி. மஞ்சளுக்கு வெளிர்பச்சை என்றால் காய்ந்த வயல்வெளி. வெள்ளைச் செவ்வந்தி உறைபனி பட்டு ஊதாவாக மாறுமே, அந்த வாடிய பூவுக்கும் தனியாக ஒரு சேர்க்கை. வெங்காயச் சருகு என்று ஒரு புடவைக் கலருக்குப் பெயர் வைத்தவர்களுக்கு இந்த ரசனை புரியாமல் போகாது :-)

எதை எப்போது உடுத்தலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. நாலாம் மாதம் முதல் தேதியும் பத்தாம் மாதம் முதல் தேதியும் உடை மாற்றும் நாட்கள். பூ நிறங்களை அந்தப் பூவின் பருவத்தில், முடிந்தால் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உடுத்த வேண்டும். பூ போன பிறகு உடுத்தினால் தொலைந்தது. முராசாகியின் காலத்திலேயே வாழ்ந்த செய் ஷோனகொன் (நாக்கு கொஞ்சம் கூர்மை!) 'தலையணைப் புத்தகத்தில்' உற்சாகத்தைக் கெடுக்கும் விஷயங்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். பகலில் குரைக்கும் நாய்க்குப் பக்கத்திலேயே, மூன்றாம் நாலாம் மாதத்தில் சிவப்பு ப்ளம் நிற உடை. நம் கணக்கில் அது ஏப்ரல், மே. ப்ளம் உதிர்ந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும்.

இவ்வளவும் ரசனை. காசும் அந்தஸ்தும் வேறு பக்கம் இருக்கின்றன. 927-ல் முடித்த 'எங்கிஷிகி' என்ற அரசாங்க விதித் தொகுப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் என்னென்ன சரக்கு வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒரு சுருள் பூவேலைப் பட்டுக்கு அடர் ஊதா ஏற்ற 30 கின் எடை முராசாகி வேர் (செடிக்கும் அதே பெயர்தான்), வினிகர், சாம்பல், 360 கின் விறகு. வெளிர் ஊதாவுக்கு 5 கின் வேர், 60 கின் விறகு போதும். வேரும் ஆறு மடங்கு, விறகும் ஆறு மடங்கு. அடர் ஊதா பெரிய இடத்து நிறமாகவே இருந்ததில் ஆச்சரியம் என்ன? அனுமதி இல்லாதவர்கள் சில நிறங்களைத் தொடவே முடியாது. அவர்களுக்கென்று விட்டுவைத்தது வெளிறிய சிவப்பும் வெளிறிய ஊதாவும்.

அடுக்கின் எண்ணிக்கையில் போட்டி வந்தது இன்னொரு கூத்து. 1025-ல் ஷோஷியின் தங்கை கென்ஷி மாளிகை விருந்தில் பெண்கள் 15, 18, 20 என்று அங்கிகளை அடுக்கிக்கொண்டு வந்ததாக 'எய்கா மொனொகதாரி' சொல்கிறது. அசையவே முடியவில்லை. அப்பா மிச்சினாகா, அன்றைக்கு நாட்டையே ஆட்டி வைத்த மனிதர், இதை எப்படி விட்டாய் என்று மகன் யோரிமிச்சியைப் பிடித்துத் திட்டினாராம். பின்னாளில் ஐந்து அங்கி என்று ஒரு அளவுக்கு வந்து நின்றது.

மறுபடி அந்த 1010 விழாவுக்கு வருகிறேன். அதே பக்கத்தில் முராசாகி வேறொரு பெண்ணைப் பற்றியும் எழுதுகிறார். அவள் உடுத்தியிருந்தது உயர்ரக நெசவு இல்லை என்று சிலர் குறை சொன்னார்கள். இங்கே முராசாகிக்குக் கோபம் வருகிறது. பொது இடத்தில் ஒருத்தி தவறு செய்தால் சொல்லுங்கள், துணி உசத்தியா மட்டமா என்பதைப் பேசக்கூடாது என்கிறார். எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் மொத்த விவகாரமும் பிடிபட்டது. துணியின் ரகம், அடர்ந்த நிறம் இதெல்லாம் அப்பாவின் பதவியும் அரண்மனை அனுமதியும் தீர்மானிப்பவை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதுதான் அவள் கையில் இருந்தது. அதில் தவறினால் அவளுடைய தவறு, ஜெயித்தால் அவளுடைய ஜெயம்.

கெஞ்சி கதையில் ஒரு காட்சி வரும். புது வருஷத்துக்குக் கெஞ்சி தன் வாழ்க்கையில் உள்ள பெண்களுக்கெல்லாம் உடை எடுத்துக் கொடுக்கிறான். பக்கத்தில் மனைவி முராசாகி. அந்தப் பெண்களை அவள் பார்த்ததில்லை. யாருக்கு எந்த நிறம் போகிறது என்று பார்த்தே ஒவ்வொருத்தியின் முகத்தையும் மனதுக்குள் வரைந்துகொள்கிறாள். அகாஷி என்ற பெண்ணுக்கு ப்ளம் கிளையும் வண்ணத்துப்பூச்சியும் பறவையும் போட்ட வெள்ளை, உள்ளே அடர் ஊதா. அதைப் பார்த்ததும் இவளுக்குச் சுருக்கென்றிருக்கிறது. எவ்வளவு கம்பீரமானவளுக்கு இந்த நிறம் போகும் என்று தெரிந்துவிட்டதே!

அந்தக் காலத்து உடைகள் அநேகமாக மிஞ்சவில்லை. 12-ம் நூற்றாண்டில் மினமோட்டோ நோ மசசுகே எழுதிய உடைக் குறிப்பு மாதிரி நூல்களை வைத்துத்தான் வரிசைகள் தெரிகின்றன. ஒரே பெயருக்கு நூலுக்கு நூல் வேறு வேறு நிறம் வருவதும் உண்டு. கியோட்டோவின் சாயக் கலைஞர் யோஷியோகா சச்சியோ (2019-ல் காலமானார்) வேர், பூ, சாம்பல் என்று பழைய சரக்குகளையே தேடி கெஞ்சி கதையின் நிறங்களைத் திரும்பச் செய்து காட்டினார். அதே 2019-ன் அக்டோபரில் நடந்த முடிசூட்டு விழாவில் பேரரசி மசாகோ ஜூனிஹிதோஎ உடுத்தி வந்ததை டிவியில் சிலர் பார்த்திருக்கலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. துக்கத்துக்கும் நிறம் உண்டு, சாம்பல். உறவு நெருக்கம் என்றால் அடர்ந்த சாம்பல், தூரம் என்றால் வெளிர். கணவன் செத்தால் மனைவிக்கு ஒரு வருஷம் துக்கம், மனைவி செத்தால் கணவனுக்கு மூன்று மாதம் என்பது சட்டம். முதல் மனைவி அஒஇ இறந்ததும் கெஞ்சி வெளிர் சாம்பலை உடுத்திக்கொள்கிறான். நான் முன்னால் போயிருந்தால் அவள் இதைவிட அடர்த்தியாகச் சாயம் ஏற்றியிருப்பாளே என்று அப்போது நினைக்கிறான். அவனை அப்படி நினைக்க வைத்த முராசாகி ஷிகிபு 1001-லேயே கணவரை இழந்தவர்.