மூன்றில் ஒரு பங்கு பிறந்த கதை

மும்பை லோயர் பரேலில் பீனிக்ஸ் மாலுக்குப் போனவர்கள் அந்தப் புகைபோக்கியைப் பார்த்திருப்பார்கள். துணிக்கடைகளுக்கும் காபிக் கடைகளுக்கும் நடுவே ஒற்றையாக நிற்கும். 1905-இல் தொடங்கிய பீனிக்ஸ் மில்லின் மிச்சம் அது. அந்த வட்டாரமே ஒரு காலத்தில் பஞ்சாலை, ஒட்டினாற்போல் சாள் குடியிருப்பு, ஷிஃப்ட் மாற ஊதும் சங்கு என்றுதான் இருந்தது. மராத்தியில் அதற்குப் பெயரே 'கிரண்காவ்', அதாவது மில் ஊர்.

1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கவாதி தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முடிந்தது என்று யாரும் முறைப்படி அறிவிக்காமலே அது கரைந்துபோனது. விசைத்தறிப் போட்டியில் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த மில்கள் பல, பிறகு எழவே இல்லை. மிஞ்சியது நிலம். 58 மில்கள், சுமார் 600 ஏக்கர், அதுவும் இடத்துக்கு அலையும் ஒரு நகரத்தின் நட்டநடுவில்.

ஆலைக்கென்று ஒதுக்கிய நிலத்தை இஷ்டத்துக்கு விற்க முடியாது. அப்படியே பூட்டி வைத்தாலும் யாருக்கும் லாபமில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்க 1991-இல் வந்ததுதான் நகர வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-ஆவது விதி. கணக்கு எளிது. நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்காக மாநகராட்சிக்கு. இன்னொரு பங்கு மலிவு வீடுகளுக்காக வீட்டுவசதி வாரியத்துக்கு. மீதிப் பங்கை உரிமையாளர் கட்டலாம், விற்கலாம். வரும் பணத்தில் தொழிலாளர் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

பாகப்பிரிவினை நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றில் இரண்டைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ள எந்த உரிமையாளர் முன்வருவார்? மில்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்தமாகத் திட்டமிட வழி சொல்லுமாறு கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் அரசு குழு போட்டது. 1996-இல் வந்த அதன் அறிக்கை அலமாரியோடு நின்றது.

2001-இல் விதியைத் திருத்தினார்கள். பங்கு அதே பங்குதான். எதைப் பங்கு போடுவது என்பது மாறிவிட்டது. மொத்த நிலத்துக்குப் பதிலாக, கட்டடம் இல்லாத காலி நிலம் மட்டும். ஒரு மில்லுக்கு 15 ஏக்கர், அதில் 12 ஏக்கரில் கொட்டகையும் கிடங்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி நகரத்துக்கு 5, வீடுகளுக்கு 5. புதிய விதிப்படி ஆளுக்கு ஓர் ஏக்கர். கொட்டகையை இடித்த பிறகு கிடைக்கும் காலியிடம் கணக்கில் வராது.

சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2005-இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. அதற்கு முன்பே, 2005-இல், தேசிய ஜவுளிக் கழகத்தின் மில்கள் ஏலத்துக்கு வந்துவிட்டன. மும்பை டெக்ஸ்டைல் மில் மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போனது.

பழைய ஆலை நிலத்தில் வளர்ச்சி வந்ததை மறுக்க முடியாது. அலுவலகம், ஹோட்டல், வானளாவிய குடியிருப்பு, ஆயிரக்கணக்கில் வேலை எல்லாம் வந்தன. நகரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய மைதானம்தான் வரவில்லை. 'நிலம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'காலி' என்று சேர்த்ததன் விலை அது.

2012 ஜூனில் மில் தொழிலாளர்களுக்காக வீட்டுக் குலுக்கல் நடந்தது. விண்ணப்பித்திருந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். குலுக்கலில் இருந்த வீடுகள் 6,925.