கோஃபம்ட் பிறந்த கதை

கோ மொழியில் எழுதுகிறவர்கள் இடைவெளி எங்கே விடுவது, அடைப்புக்குறியை எந்த வரியில் வைப்பது என்று மல்லுக்கு நிற்பதில்லை. கோப்பைச் சேமித்ததும் கோஃபம்ட் என்ற சிறு கருவி ஓடி, நிரலை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். நிரலைப் படித்துப் பிரிக்கும் பார்சரையும் அதைத் திரும்ப அச்சிடும் பிரிண்டரையும் ராபர்ட் கிரீஸ்மர் தன் கையாலேயே எழுதியதால் கிடைத்த நிம்மதி இது.

2007 செப்டம்பரில் கூகுளில் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் வெள்ளைப் பலகை முன் நின்று ஒரு புது மொழிக்கான குறிப்புகளை எழுத ஆரம்பித்தார்கள். பைக்கும் தாம்ப்சனும் பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்சரை உண்டாக்கித் தரும் ‘யாக்’ அங்கே பிறந்தது. தாம்ப்சன் சி-யில் எழுதிய கோ கம்பைலரும் யாக்கையே நம்பியிருந்தது. கிரீஸ்மர் வந்த வழி வேறு. சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில், பாஸ்கலை உருவாக்கிய நிக்லாஸ் விர்த்தின் மரபில் படித்தவர் அவர். அந்த மரபில் பார்சரை ஆள்தான் எழுதுவார். ஒவ்வொரு இலக்கண விதிக்கும் ஒரு ஃபங்ஷன். ‘இஃப்’ என்ற சொல் வந்தால் அதற்குரிய ஃபங்ஷன் அழைக்கப்படும். அது நிபந்தனையைப் படிக்க இன்னொன்றை அழைக்கும். இலக்கணம் தெரிந்தவர் நிரலை அப்படியே வாசித்துப் புரிந்துகொள்ளலாம்.

மொழியும் அதற்கு இடம் கொடுத்தது. சி-யில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரக் குறி வந்தால் அது பெருக்கலா, பாயின்டர் அறிவிப்பா என்று சொல்ல, முதல் பெயர் எதைக் குறிக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கோ மொழியில் அந்தத் தொல்லை இல்லை; பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லாமலே பார்ஸ் செய்யலாம். ஒரு முடிச்சு மட்டும் மிஞ்சியது. இஃப் வரியில் ஒரு பெயரை அடுத்து நெளிவு அடைப்பு திறந்தால், அது மதிப்புகளின் தொகுப்பா, இஃபின் உடலா? கிரீஸ்மர் பார்சருக்குள் ஒரு எண்ணை வைத்தார். இஃப், ஃபார் போன்றவற்றின் தலைப்பகுதிக்குள் நுழையும்போது அது -1 ஆகும். எதிர்மறையாக இருக்கும்வரை அந்த அடைப்பு உடலின் தொடக்கம்தான். தொகுப்புதான் வேண்டும் என்றால் வளைவு அடைப்புக்குள் எழுத வேண்டும். கையால் எழுதிய பார்சரின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது: சிக்கல் எங்கே இருக்கிறதோ அங்கேயே தீர்வும் இருக்கிறது.

பிரிண்டருக்குக் காரணம் அலுவலகத்தில் இருந்தது. கோட் ரிவ்யூவில் நிரலின் தர்க்கத்தைப் பேச வேண்டிய நேரத்தை வடிவம் பற்றிய வாக்குவாதம் தின்றுகொண்டிருந்தது. வடிவத்தை இயந்திரமே தீர்மானிக்கட்டும், அதுவும் மொழி வெளியாகும் முன்பே, என்று குழு முடிவெடுத்தது. கிரீஸ்மரின் சொந்த அடைவில் ‘பிரெட்டி’ என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்த நிரலே கோஃபம்டின் முன்னோடி. 2009 நவம்பர் 10-ல் கோ பொதுவெளிக்கு வந்தபோது கோஃபம்டும் கூடவே வந்தது. அந்தத் தேதிதான் முக்கியம். ஆளுக்கொரு பழக்கம் ஊறிப்போன பிறகு வந்திருந்தால் இதே கருவி தோற்றிருக்கும் என்பது என் எண்ணம்.

பார்சரைவிடப் பிரிண்டர்தான் பாடாய்ப் படுத்தும் வேலை. கம்பைலர் கமென்ட்களைத் தூக்கி எறிந்துவிடலாம். பிரிண்டர் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது. ஆனால் கமென்ட் இலக்கணத்தில் அடங்காதது, எந்த இரண்டு டோக்கன்களுக்கு இடையிலும் வரலாம். கிரீஸ்மர் கமென்ட்களைப் பார்சர் கட்டும் இலக்கண மரத்தில் பொருத்த முயலாமல், அவை கோப்பில் இருந்த இடத்தின் குறிப்போடு தனி வரிசையாக வைத்தார். ஒவ்வொரு டோக்கனையும் அச்சிடும் முன் பிரிண்டர் பார்க்கும்: இதற்கு முந்திய இடத்தில் ஏதாவது கமென்ட் காத்திருக்கிறதா? இருந்தால் அதுதான் முதலில். இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. வேறொரு கருவி மரத்தை மாற்றியமைத்தால் இடக்கணக்கு தப்பி, கமென்ட் தொடர்பில்லாத வரியில் போய் உட்காரும். கோவுக்குக் கருவி எழுதுகிறவர்கள் இன்றும் இதோடு போராடுகிறார்கள்.

வரியை எங்கே உடைப்பது என்பதில் அவர் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. டெரெக் ஆப்பன் 1980-ல் வெளியிட்ட புகழ்பெற்ற முறை, வரியின் அகலத்தைக் கணக்கிட்டு இயந்திரமே உடைக்கும். கோஃபம்ட் அதைச் செய்யாது. எழுதியவர் உடைத்த இடத்தில் உடையும். அவர் விட்ட வெற்று வரியும் நிற்கும், அடுத்தடுத்துப் பல இருந்தால் ஒன்றாகும். தள்ளி எழுதுவதற்கு டேப், நேராக அடுக்குவதற்கு வெற்றிடம். கணக்கில் பெருக்கலை ஒட்டி, கூட்டலை விலக்கி அச்சிடும்: ‘அ*ஆ + இ’. எது முதலில் நடக்கும் என்று கண்ணே சொல்லிவிடும்.

இந்த அ, ஆ, இ மூன்றும் கோ மொழியில் செல்லுபடியாகும் பெயர்கள். ஆனால் ‘விலை’ என்று மாறிக்குப் பெயர் வைக்க முடியாது. பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்பது விதி. யூனிகோட் கணக்கில் நம் கொம்பும் புள்ளியும் எழுத்தல்ல, ஒட்டுக்குறிகள். இந்திய மொழிகள் பலவற்றைப் பாதிக்கும் இந்த விதி மாற வேண்டும்.

கோஃபம்டின் பலன் மொழி வெளியான ஒரே மாதத்தில் தெரிந்தது. 2009 டிசம்பரில் அரைப்புள்ளி விதிகள் மாறின. வரி முடிவில் அதை, நிரலை டோக்கன்களாகப் பிரிக்கும் ஸ்கேனரே சேர்த்துக்கொள்ளும் என்று ஆயிற்று. பழைய நிரல்களைக் கோஃபம்டே புது முறைக்கு மாற்றியது. எல்லா நிரலும் ஒரே வடிவத்தில் இருந்ததால் இயந்திரம் செய்த மாற்றம் மட்டுமே தனித்துத் தெரிந்தது. இந்த ஒழுங்கை நம்பி 2011-ல் ரஸ் காக்ஸ் ‘கோஃபிக்ஸ்’ கருவியைக் கொண்டுவந்தார். மொழியும் நூலகங்களும் மாறும்போது பயனரின் நிரலையும் அது மாற்றிக் கொடுத்தது. 2016 பிப்ரவரியில் வந்த கோ 1.6-ல் கம்பைலரும் யாக்கைக் கைவிட்டுக் கையால் எழுதிய பார்சருக்கு மாறியது.

கோ தெரிந்தவர்கள் மூலநிரலில் பார்சர், பிரிண்டர் அடைவுகளை ஒருமுறை திறந்து பாருங்கள். கமென்ட் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். உழைப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.