பொன்மலையில் பிறந்த நீலகிரி எஞ்சின்கள்

நீலகிரி மலை ரயில் பாதை மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கி.மீ. நீளமுடையது. குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் திறக்கப்பட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12.28 அடிக்கு ஓர் அடி வரை ஏற்றம் உண்டு. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டு பற்சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்வி ஏறுகின்றன. குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின் இழுத்துச் செல்லும். அதற்குக் கீழுள்ள ஏற்றத்துக்கு 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சின்தான் வேண்டும்.

இவ்வகையில் 17 எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டன. 1925-க்குள் 12, 1952-ல் 5. ஒவ்வொன்றிலும் நான்கு உருளைகள். உயரழுத்த உருளைகள் இரண்டும் சக்கரங்களைச் சுழற்றும். அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி, ஏற்றத்தில் மட்டும், மற்ற இரண்டுக்குள் சென்று பற்சக்கரங்களை இயக்கும். உலகில் வேறெங்கும் இதே எஞ்சின் இல்லாததால் உதிரிபாகம் கடையில் கிடைக்காது. செய்த நிறுவனமும் 1990-களின் இறுதியில் கூறுகளாகப் பிரிந்துபோனது. எஞ்சின் நின்றால் பாதையும் நின்றுவிடும்.

ஆகவே பாகங்களை இங்கேயே செய்ய வேண்டியதாயிற்று. அதைச் செய்தது திருச்சி பொன்மலைப் பணிமனை. நாகப்பட்டினத்தில் தென்னிந்திய ரயில்வேக்காக இயங்கிவந்து, 1928-ல் பொன்மலைக்கு இடம் மாறிய பணிமனை அது.

தேய்ந்த பாகத்தை அளந்து அப்படியே கடைந்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். தேயாத பரப்பையும் இணைந்தோடும் பாகத்தையும் வரைபடத்தையும் ஒப்பிட்டு முதல் அளவைக் கண்டறிய வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். மர அச்சை அதற்கேற்பப் பெரிதாகச் செய்வார்கள். கடைசலில் இழைக்கவும் கொஞ்சம் கூடுதல் விடுவார்கள். பற்சக்கரத்தில் பிழைக்கு இடமே இல்லை. இரு பற்சட்டங்களின் பற்களும் ஒன்றுக்கொன்று அரை இடைவெளி தள்ளி அமைந்தவை. ஒரு பல் விலகும்போதே அடுத்தது கவ்வியிருக்க வேண்டும். பின்னால் தள்ளும் எஞ்சின் நழுவினால் பெட்டிகளும் பயணிகளும் சேர்ந்தே இறங்குவார்கள்.

பாகம் பாகமாகச் செய்து பழகிய பணிமனை பின்னர் முழு எஞ்சினையே செய்தது. 2010-களின் முதல் பாதியில் எண்ணெயில் எரியும் நான்கு எஞ்சின்கள் வந்தன. 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் எரியும் புதிய எஞ்சின் வெளிவந்தது. 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பாதையில் புது எஞ்சின் ஓடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய எஞ்சின்களிலும் எத்தனையோ பாகங்கள் மாற்றப்பட்டவைதாம். கண்ணாடிக்குள் நிற்கும் பழைய எஞ்சினைவிட மலையேறும் புது எஞ்சினே அந்தப் பாதைக்குப் பொருத்தமானது.